அந்த மௌனம் உங்களுடையது அல்ல

“அருமையான கச்சேரி! அடுத்த முறையும் நேராக அன்றைக்கே வந்துவிடுகிறேன். முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வையுங்கள்.”

எங்கள் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் இன்று காலை வந்து விழுந்த செய்தி இது. கீழே ஏழு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் அன்று மேடையில் என்னோடு நின்றவர்கள், நடந்ததைக் காதால் கேட்டவர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

13 வாரம் ஒத்திகை. முதல் வாரம் வந்து, இசைத்தாளை வாங்கிக்கொண்டு, பாதியிலேயே கிளம்பியவர் இந்தச் செய்தியை அனுப்பியவர். அதன்பிறகு ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் தொண்டை, ஒரு வாரம் விருந்தாளி, மற்ற வாரங்களில் பதிலே இல்லை. கிறிஸ்துமஸ் கச்சேரி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, மடிப்புக் கலையாத கறுப்புச் சட்டையில் வந்து நிற்கிறார். பாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் குழுவில் இருக்கும் அந்த ஆளின் முகம் இந்நேரம் உங்கள் கண்முன் வந்திருக்கும்.

வந்தவர் பின்வரிசையில் ஒதுங்கி நின்றாரா? எங்கள் டெனர் பகுதியில், அதாவது உயர்ந்த ஆண்குரல் பகுதியில், ஒரு பெரியவர் இருக்கிறார். கண்பார்வை மங்கிவிட்டது, இசைத்தாளைப் படிக்க முடியாது. ஒத்திகையைப் பதிவு செய்து, வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு, முழுவதையும் மனப்பாடம் செய்தவர். நடத்துநரின் கையசைவு தெரிய வேண்டும் என்பதற்காகவே முன்வரிசையில் அவருக்கு இடம். “ஐயா, நீங்கள் கொஞ்சம் பின்னால் போங்களேன், என் வீட்டார் படம் எடுக்க வந்திருக்கிறார்கள்” என்று அவரிடம் சொல்கிறார் இந்த மனிதர். பெரியவர் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிட்டார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

1742 ஏப்ரல் 13ஆம் தேதி டப்ளினில் இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மேசியா’ என்ற பெரிய கூட்டிசைப் படைப்பு முதன்முதலாக அரங்கேறியபோது, இடம் போதாது என்பதால் பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். கேட்க வருகிறவர்களிடமே அடுத்தவருக்காக ஒடுங்கி உட்காரச் சொன்ன படைப்பு அது. அதைப் பாட வந்தவர் ஒரு முதியவரை இடம் மாற்றுகிறார்!

அதே படைப்பின் ‘அல்லேலூயா’தான் எங்கள் நிகழ்ச்சியின் கடைசிப் பாடல். அதன் முடிவில் என்ன வரும் என்று பாடியவர்கள் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்தாற்போல் நான்கு அல்லேலூயா, வேகமாக, முழுக்குரலில். பிறகு சட்டென்று மௌனம். குரல் இல்லை, வாத்தியம் இல்லை. அதன்பிறகுதான் ஐந்தாவது அல்லேலூயா, மெதுவாக, அகலமாக. நான்கு முறை ஓடிய வாய் ஐந்தாவது முறையும் தானாக ஓடப் பார்க்கும். அதை இழுத்து நிறுத்துவதற்குத்தான் பயிற்சி. எங்கள் நடத்துநர் அந்த ஓர் இடத்தை மட்டும் எத்தனை மாலைகள் பாட வைத்தார்! “மௌனத்தையும் சேர்ந்துதான் பாட வேண்டும்” என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியது. எல்லோருடைய தாளிலும் அந்த ஓய்வுக்குறியைச் சுற்றி வட்டம் இருக்கிறது. சிலர் சிவப்பு மையில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறார்கள்.

அவருடைய தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேடை ஏறும் முன் நானே என் பென்சிலைக் கொடுத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “இங்கே நிறுத்தம், கையைப் பார்த்து மட்டும் பாடுங்கள்” என்றேன். “தெரியும், தெரியும், எத்தனை முறை கேட்டிருக்கிறேன்” என்றார்.

அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டு தொடங்கியதும் வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்றார்கள். உச்சக்குரலில் பாடும் சொப்ரானோ பெண்கள் படிப்படியாக ஏறும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று மாதமாக வராத சுருதி அன்று வந்து உட்கார்ந்திருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நடத்துநரின் கை மேலே நின்றது. நாற்பது பேரும் மூச்சை அடக்கினோம். நின்றுபோன ஒலி கூரையில் மோதித் திரும்பி வருவது எனக்குக் கேட்டது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் 13 வாரம் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தேன்.

“அல்—”

என் இடது காதுக்குப் பக்கத்தில். தனியாக. முழுக்குரலில். தயக்கத்தோடு வந்திருந்தாலாவது காற்றில் கரைந்திருக்கும். இது கதவை உதைத்துத் திறந்ததுபோல் வந்தது. வந்த பிறகு தவறு புரிந்து, “லே” பாதியில் அறுந்து தொங்கியது. மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. நடத்துநர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி அல்லேலூயாவில் பாதிப் பேர் நுழையவில்லை, ஏனென்றால் எது சைகை, எது விபத்து என்றே யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நகர்த்தப்பட்ட அந்தப் பெரியவர் மட்டும் சரியான இடத்தில் நுழைந்தார். அவர் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது.

முடிந்ததும் போய்க் கேட்டேன். “உணர்ச்சி மேலிட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, விடுங்கள்” என்றார். உணர்ச்சியா? மற்ற நாற்பது பேருக்கும் உணர்ச்சி இல்லையா? உணர்ச்சி இருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டு நின்றோம். 1741இல் ஹேண்டல் அந்தப் படைப்பு முழுவதையும் 24 நாட்களில் எழுதி முடித்தார். அதில் ஒரே ஓர் ஓய்வுக்குறியைக் கற்க இவருக்கு 13 வாரத்தில் ஒரு மாலை கிடைக்கவில்லை.

இவரை ஏன் யாரும் எதுவும் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பொழுதுபோக்குக்குப் பாடும் குழுக்களில் டெனருக்கு எப்போதும் பஞ்சம். சொப்ரானோ ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் விளக்கம் கேட்கிறார்கள். ஆண்குரல் என்றால், எப்போது வந்தாலும் நாற்காலி போட்டு வரவேற்கிறார்கள். ஆள் குறைவாக இருந்தால் குறைவாகவே பாடுவோமே! எங்களில் நால்வர் முறைவைத்து மூச்செடுத்து ஒரு நீண்ட சுரத்தை அறுந்துபோகாமல் தாங்கப் பழகியிருக்கிறோம். அடுத்தவர் எப்போது மூச்செடுப்பார் என்பது கூடவே நின்று பாடியவருக்குத்தான் தெரியும். கச்சேரி அன்று வந்து சேரும் ஐந்தாவது குரல் எங்களுக்கு எதற்கு?

இதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். “பண்டிகை நேரத்தில் எதற்குச் சண்டை” என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். ஆனால் முன்வரிசை இடம் பெரியவருடையது என்று நடத்துநருக்குத் தனியாக எழுதிவிட்டேன். அவர் மறுத்தால் அடுத்த கச்சேரிக்கு நானும் வரப்போவதில்லை, டெனர்களில் இன்னும் ஒருவர் குறையட்டும்.

அப்புறம், அந்தப் பென்சில். திருப்பித் தரவே இல்லை. நாற்காலிகளை எல்லாம் மடித்து அடுக்கிய பிறகு அவர் விட்டுப்போன இசைத்தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.