கேஜிஎஃப் போகிறவர்களுக்கு ஒரு திருத்தம்

ஒருவர் 'ஆசியாவிலேயே முதலில் மின்சாரம் வந்த ஊர் கோலார் தங்கவயல், லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியும் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. டோக்கியோவில் 1880களிலேயே மின்சாரம் வந்துவிட்டது, அவ்வளவு தூரம் ஏன், நம் டார்ஜிலிங்கில் 1897-லேயே நீர்மின் நிலையம் ஓடியது. தங்கவயலுக்கு வந்தது 1902-ல்தான். ஆனால் அதன் உண்மையான பெருமை வேறு: காவிரியில் இருக்கும் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள், அந்தக் காலத்தில் உலக அளவிலேயே அது பெரிய தூரம். அதுவும் சுரங்க இயந்திரங்களுக்காக, பெங்களூரு தெருவிளக்கே அப்புறம் 1905-ல்தான் எரிந்தது. இதைச் சொன்னாலே போதுமே, எதற்கு இல்லாத பட்டம்?

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியாச்சு. பம்பு நின்றதும் நிலத்தடி நீர் ஏறிவிட்டது, அங்கிருக்கும் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அதில் யார் இறங்குவது? தங்கம் சுத்தமாகத் தீர்ந்ததால் மூடினார்கள் என்பதும் சரியில்லை, எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது.

போனால் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடியுங்கள். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று வரிசையாக ஸ்டேஷன்கள், வழியெல்லாம் தமிழ்ப் பேச்சு. சயனைடு மேட்டில் மட்டும் செல்ஃபிக்காக ஏறாதீர்கள், அது மலையில்லை, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்.