கட்-ஆஃப் நேரத்தில் மீட்டிங் போடாதீங்க சார்

அரை மணிக்கு ஒரு தடவை ‘ஸ்டேட்டஸ் என்ன’ என்று கேட்டால் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கிற லாரி நகர்ந்துவிடுமா? நேற்று ராத்திரி நடந்ததற்கு இன்று காலை என்னிடமே விளக்கம் கேட்கிறார் புது மேனேஜர். அதுவும் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டுமாம். வயிறு எரிகிறது.

சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய 40 அடி ஏற்றுமதி கன்டெய்னர் பெட்டி. சுங்கத்தில் எல்இஓ என்கிற ஏற்றுமதி அனுமதி வாங்கியாயிற்று, விஜிஎம் என்கிற மொத்த எடைக் கணக்கு கொடுத்தாயிற்று, துறைமுகத்துக்குள் நுழைவதற்கான ஃபார்ம் 13 டிரைவர் கையில் இருக்கிறது. கட்-ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்கான பெட்டி உள்ளே போயிருக்க வேண்டிய கடைசி நேரம், ராத்திரி 10 மணி. எம்எஃப்எல் சந்திப்பு, எர்ணாவூர் என்று ஊர்ந்து ஊர்ந்து ஒருவழியாகக் காசிமேட்டைப் பிடித்துவிட்டது லாரி. துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலில் நிற்கும் வரிசை தெரிந்தவர்களுக்குத் தெரியும், எல்லாச் சிக்கலும் அந்தக் கடைசி அரை கிலோமீட்டரில்தான் முளைக்கும். அப்போது டிரைவர் அடித்தால் நான் போனை எடுக்க வேண்டும். என் வேலையே அதுதான்.

சரியாக அந்த நேரத்தில் வீடியோ மீட்டிங். கேமரா கட்டாயம்.

‘ஏன் வண்டி நிக்குது?’ கேட்டில் கியூ சார். ‘ஏன் கியூ?’ நிறைய பெட்டி ஒரே நேரத்தில் வந்திருக்கிறது சார். ‘நாம ஏன் முன்னாடியே அனுப்பல?’ ஃபேக்டரியில் மதியம்தான் லோடு ஏற்றினார்கள் சார். ‘ஏன் மதியம்?’

டொயோட்டாவில் கோளாறு வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் அது உட்கார்ந்து நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி. கட்-ஆஃப் நெருங்கும்போது கேட்கிற கேள்வியா?

நாலாவது ‘ஏன்’ வரும்போது டிரைவர் அண்ணன் அடித்தார். ‘சார், டிரைவர் கூப்பிடுறார்’ என்றேன். ‘மீட்டிங் முடிச்சிட்டுப் பேசுங்க’ என்றார். மறுபடி அடித்தார். ‘சார், அவர் சும்மா அடிக்க மாட்டார்’ என்றேன். ‘ஃபோகஸ் பண்ணுங்க’ என்றார். அப்புறம் அந்த அரை மணி அப்டேட்டை எக்செல்லில் எந்தக் கட்டத்தில் நிரப்ப வேண்டும் என்று ஒரு வகுப்பு. போன் மேஜை மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் கூப்பிட்டேன். ‘இன்னா தம்பி, எத்தினி வாட்டி அடிக்கிறது? பெட்டிக் கதவுல போட்ட சீல் நம்பர்ல ஒரு எழுத்து மாறிக்குதுன்னு வண்டிய ஓரங்கட்டிட்டாங்க’ என்றார். ஃபேக்டரி அனுப்பிய நம்பரே தப்பு. திருத்த சில நிமிடம் போதும், திருத்தியும் கொடுத்தேன். அதற்குள் வண்டி வரிசையை விட்டு வெளியே. பெட்டி ஷட் அவுட், அதாவது அந்தக் கப்பலில் ஏறவில்லை. லாரி நின்றதற்கு ஹால்டிங் காசு, அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பு, சரக்குக்கார பார்ட்டியிடம் வசவு. அந்த டிரைவருக்கு ராத்திரிச் சாப்பாடும் இல்லை.

பழைய மேனேஜர் கட்-ஆஃப் அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவார். ‘வண்டி எங்கப்பா? சரி, எதுனா சிக்கல்னா எனக்கு அடி.’ அடித்தால் அவரே கேட்டில் வந்து நிற்பார். இவர் ரிப்போர்ட்டை நம்புகிற அளவுக்கு ஆளை நம்புவதில்லை. அந்த ஸ்லைடில் ‘மீட்டிங்தான் காரணம்’ என்று எழுதத்தான் போகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தால், ஆலைகள் இருக்கிற மணலிப் பக்கத்திலிருந்து கேஸ் நாற்றம். குழந்தை இருமுகிறது. புகார் சொல்லக் கூப்பிட்டால், எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று என்னையே கேட்கிறார்கள். நடுராத்திரியில் அதையும் நானே போய்க் கண்டுபிடிக்கணுமா?