பல்லாவரத்துக் கல்லும் மடக்கை அட்டவணையும்

"நுனிப்புல் மேய்கிறீர்கள் சார்" என்று அலுவலக நண்பர் ஒருவர் சென்ற வாரம் சொன்னார். பொதுமுடக்கக் காலம் தொடங்கி நிலவியல், தொல்லியல், நேரியல் இயற்கணிதம், அணுக்கரு இயற்பியல் என்று நான் இணையத்தில் கேட்டுவரும் பாடங்களைப் பற்றிய அவருடைய தீர்ப்பு அது. நான் வணிகவியல் பட்டதாரி; இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் மீதிப் பாதியை மறுக்க இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பாடம் மாறியது மனம்போன போக்கில் அல்ல. ஒரு கல் என்னை இழுத்துக்கொண்டு போனது. சென்னைக் குரோம்பேட்டையில் குடியிருப்பவனுக்குப் பல்லாவரம் குன்று என்பது மின்சார ரயிலில் போகும்போது கண்ணில் பட்டு மறையும் ஒன்று, அவ்வளவுதான். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். தளத்தில் நிலவியல் பாடங்களைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், ஜல்லிக்காக உடைக்கப்பட்ட அந்தக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் பதித்திருக்கும் பலகை இவ்வகைக் கல். அதனால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். நம்மூர்க் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்த வெள்ளைக்காரர் பெயர் அமைந்தது எனக்கு இன்றும் சற்று வருத்தம்தான்.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, ஒரு சரளைக் குழியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது அந்தக் கல்லிலிருந்துதான். ஃபூட் தொல்லியல் படித்தவர் அல்லர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஊழியர். இதைப் படித்ததும் நிலவியல் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொல்லியலுக்குத் தாவினேன். நண்பரின் கணக்கில் இது மேய்ச்சல். ஆனால் ஃபூட்டுக்கு அந்தக் குழியில் நிலவியல் எங்கே முடிந்தது, தொல்லியல் எங்கே தொடங்கியது? அந்த எல்லைக்கோடு கல்லூரிக் கட்டடத்தில் இருக்கிறது, குழியில் இல்லை.

அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்துக் கொசத்தலையாற்றுப் பக்கம் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்ட இடம் அத்திரம்பாக்கம். அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர், கற்கருவிகளின் வயது சராசரியாகப் பதினைந்து லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தனர். காலத்தைக் கணிக்க எழுத்தும் கரியும் இல்லாத மண்ணில் இதை எப்படிச் சொன்னார்கள் என்ற கேள்வி என்னைப் பல வாரம் தூங்கவிடவில்லை. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டுப்பட்டு, அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் இரண்டு வகைக் கதிரியக்க அணுக்கள் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் கதிர் எட்டாமல் உற்பத்தி நின்றுபோய், சிதைவு மட்டும் தொடர்கிறது. அலுமினியத்தின் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் ஏழு லட்சம் ஆண்டு. பெரிலியத்துக்குச் சுமார் பதினான்கு லட்சம். முன்னது வேகமாகத் தேய்வதால், மிஞ்சியிருக்கும் விகிதமே புதைந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மட்டுமே புரட்டிய மடக்கை (லாகரிதம்) அட்டவணையை முப்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தேன். பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்ததில், பதினான்கு லட்சம் ஆண்டில் விகிதம் சரியாகப் பாதியாகிறது; பதினைந்து லட்சத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. காப்பி ஆறிப்போனது தெரியவில்லை. பள்ளியில் எவரும் எனக்கு இப்படி ஒரு கல்லைக் காட்டி மடக்கை கற்பிக்கவில்லை.

இனி நண்பர் பக்கத்து நியாயம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணிதப் பாடங்களில் பத்தை, கரும்பலகையில் அவர் சுண்ணக்கட்டியால் எழுத எழுதத் தலையாட்டியபடியே பார்த்து முடித்தேன். எல்லாம் புரிந்தது. பிறகு பயிற்சித் தாளைத் திறந்தால் முதல் கணக்கே வரவில்லை. நல்ல ஆசிரியரின் காணொளியில் இருக்கும் ஆபத்து இதுதான்: அவருடைய தெளிவை நம்முடையது என்று நம்பிவிடுகிறோம். பேனாவைத் தொடாமல் பார்த்த பாடத்தை நான் இப்போது படித்த கணக்கில் சேர்ப்பதில்லை. சான்றிதழ்களைத் தொடர்ந்து பதிவிடும் நண்பர்கள் கோபிக்கக் கூடாது. அந்தத் தாள்களை வைத்து எதையும் அளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய குறை, திருத்துவதற்கு ஆள் இல்லாதது. பல்லாவரம் கல் எரிமலைக் குழம்பு இறுகி வந்தது என்று ஓராண்டுக் காலம் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். குன்றடியில் ஒருநாள் சந்தித்த நிலவியல் மாணவி, "இல்லை அங்கிள், இது பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்தில், அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது" என்று சொல்லி, உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்கத்தைக் காட்டினார். இணையம் எனக்கு நூறு ஆசிரியர்களைத் தந்திருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவருக்கும் என் தவறு காதில் விழாது. கிளை நூலகங்களில் வாரம் ஒரு மாலை, கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து, என்னைப் போன்றவர்களின் சந்தேகங்களைத் திருத்தித்தர ஏற்பாடு செய்தால், இன்னொரு ஆயிரம் காணொளிகளைவிட அது பயன்படும்.

இப்போதைக்கு எனக்கு வாய்த்திருப்பவன் இயற்பியல் முதுகலை படிக்கும் என் அக்கா மகன். பேரேட்டுக் கணக்கைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தேன். "மாமா, புதைந்த பிறகும் ஆழத்துக்குக் கொஞ்சம் கதிர் வந்துகொண்டுதான் இருக்கும், அதை விட்டுவிட்டீர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட வகைக்கெழுச் சமன்பாடு தெரிய வேண்டுமாம். நேற்றிரவு அந்தப் பாடத்தைத் தேடி எடுத்துவைத்தேன்.