ட்ரான்ஸ்ஃபர் பட்டனைக் கண்டுபிடிச்சவரைக் கொஞ்சம் லைனுக்கு வரச் சொல்லுங்க

மறுபடியும் ஒரு போன் கால் செத்துப்போச்சு. வெளியிலேர்ந்து பேசினவர் பாவம், தங்கமான மனுஷர். "அக்கவுண்ட்ஸுக்குக் கொஞ்சம் கனெக்ட் பண்ணுங்க சார்"னு கேட்டார். அது ஒரு குத்தமா? மேசை மேல இருக்கிற போன்ல முப்பது பட்டன், கலர் திரை, பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இன்னொரு பட்டன் பலகை. இவ்வளவும் சேர்ந்து ஒருத்தர் குரலைப் பத்தடி தள்ளி இருக்கிற மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியல. எழுந்துபோய் "உங்களுக்குத்தான் போன், வாங்க"ன்னு கூப்பிட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

எப்படிச் செத்துச்சுன்னு ஒவ்வொரு நொடியா பிரேதப் பரிசோதனை பண்ணாம விடப் போறதில்ல.

முதல் நொடி. ட்ரான்ஸ்ஃபர் பண்ணணும்னா முதல்ல ஹோல்டுல போடணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நினைக்கத்தானே செய்வாங்க, அதுதானே மரியாதை! ஆனா ட்ரான்ஸ்ஃபரை அமுக்கினாலே கால் தானா ஹோல்டுக்குப் போயிடும், டயல் டோனும் வந்துடும். தனியா ஹோல்டு தேவையே இல்ல. அதை யார் சொன்னா? யாரும் சொல்லல. ஹோல்டை அமுக்கினதும் பல மாடல்கள்ல திரைக்கு அடியில இருக்கிற பெயர்கள் எல்லாம் இடம் மாறிடும். ரெஸ்யூம்னு ஒண்ணு, நியூ கால்னு ஒண்ணு. ஒரு நொடி முன்னாடி அங்கேயே இருந்த ட்ரான்ஸ்ஃபர் காணாமப் போயிருக்கும். சரின்னு நியூ கால் அமுக்கி அக்கவுண்ட்ஸைப் பிடிச்சா, இப்ப கையில ரெண்டு தனித்தனி கால். ரெண்டையும் முடிச்சுப் போட மோர் அமுக்கணும், அடுத்த பக்கத்துல இன்னொரு மோர் அமுக்கணும், அதுக்குள்ள டைரக்ட் ட்ரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருந்தாலும் இருக்கும். சிஸ்டத்தை அமைச்சவர் அந்தப் பட்டனை டெம்ப்ளேட்ல, அதாவது திரையில என்னென்ன பட்டன் வரணும்ங்கிற பட்டியல்ல, சேர்க்கலைன்னா அதுவும் கிடையாது. ஒரே வழி, ரெஸ்யூம் அமுக்கி, வெளியாள்கிட்ட "சாரி சார், ஒரு நிமிஷம்"னு இளிச்சுட்டு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது.

இரண்டாவது கட்டம். ட்ரான்ஸ்ஃபர் அமுக்கியாச்சு, அக்கவுண்ட்ஸோட எண் 2147 போட்டாச்சு. ஒண்ணும் நடக்கல. போன் தியானத்துல இருக்கு. ஏன்னா டயல் பிளான்ல, அதாவது எந்த எண் போட்டா எங்க போகணும்னு சிஸ்டத்துல எழுதி வச்ச பட்டியல்ல, 21-ல ஆரம்பிக்கிற நீளமான எண் இன்னொண்ணு எங்கேயோ எழுதி வச்சிருக்காங்க. "நாலு இலக்கத்தோட நிறுத்திட்டாரா, இன்னும் போடுவாரா"ன்னு சிஸ்டம் காத்திட்டிருக்கு. இந்தக் காத்திருப்பு சில சிஸ்டங்கள்ல வாங்கும்போதே 15 நொடின்னு வச்சு வருது. பதினஞ்சு நொடி! கடைசியில ஹேஷ் அமுக்கினா பெரும்பாலான போன்கள்ல உடனே போயிடும், இல்லைன்னா திரையில டயல்னு ஒரு பட்டன் வரும். அமைப்பாளர் நினைச்சா ஒண்ணு அந்த நேரத்தைக் குறைக்கலாம், இல்ல மோதிக்கிற எண்ணை மாத்தலாம். அவர் ஏன் நினைக்கப் போறார், அவருக்கா போன் வருது?

அந்த நேரமெல்லாம் வெளியாள் என்ன கேட்டுட்டிருக்கார்? இசை. இசைன்னு அதை யாராவது சொன்னா அவர் கேட்டதில்லைன்னு அர்த்தம். சாதாரண போன் லைன் 300 ஹெர்ட்ஸ்லேர்ந்து 3400 வரைக்கும்தான் ஒலியைக் கொண்டுபோகும், அதுலயே பாட்டோட அடித்தளமும் மினுமினுப்பும் போச்சு. லைனை மிச்சம் பிடிக்க ஜி.729னு ஒரு ஒலிச் சுருக்க முறையைப் போட்டிருந்தா இன்னும் விசேஷம். அது 64 கிலோபிட் வேண்டிய பேச்சை 8 கிலோபிட்டுக்குள்ள அடைக்கிறது. மனுஷத் தொண்டை எப்படிச் சத்தம் போடும்ங்கிற கணக்கை வச்சு ஒலியைத் திரும்பக் கட்டுற முறை அது. வயலினுக்குத் தொண்டை ஏது? அதான் ஹோல்டு பாட்டு தண்ணிக்கு அடியில யாரோ அழுற மாதிரி வருது. ஹோல்டுல பாட்டுப் போடுற இந்த வழக்கத்துக்கு 1966-ல ஆல்ஃபிரட் லெவி என்கிற ஒருத்தர் காப்புரிமையே வாங்கியிருக்கார். கம்பி ஒண்ணு கட்டடத்தோட இரும்புல பட்டு, பக்கத்து ரேடியோ நிலையம் போன்ல கேட்டதுதான் தொடக்கம்னு சொல்றாங்க. கம்பியைச் சரி பண்ணிட்டு விட்டிருக்கலாம்.

இப்பத்தான் நிஜமான கொலைக்களம். அக்கவுண்ட்ஸ்ல மணி அடிக்குது. இனி என்ன பண்ணணும்?

மணி அடிக்கும்போதே மறுபடி ட்ரான்ஸ்ஃபர் அமுக்கினா, கேட்காம கொள்ளாம கால் அங்க போயிடும். எடுத்தா எடுக்கட்டும், எடுக்கலைன்னா வாய்ஸ்மெயில். சில சிஸ்டங்கள்ல யாரும் எடுக்கலைன்னா கொஞ்ச நேரத்துல அனுப்பினவருக்கே திரும்பி வரும், சிலதுல வராது. எதிர்முனையில எடுத்த பிறகு விஷயத்தைச் சொல்லிட்டு அமுக்கினா, அது விசாரிச்சு அனுப்புற முறை. ரெண்டுக்கும் பட்டன் ஒண்ணுதான், அமுக்குற நேரம்தான் வித்தியாசம். இது வரைக்கும் பொறுத்துக்கலாம்.

ரிசீவரை வச்சா என்ன ஆகும்? இதுக்கு உலகத்துல ஒரே பதில் கிடையாது. சில சிஸ்டங்கள்ல ரிசீவரை வச்சதும் ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சுடும். சிலதுல ரிசீவரை வச்சா விசாரிச்ச கால் மட்டும் அறுந்து, வெளியாள் ஹோல்டுலயே கிடப்பார். பழைய ஈ.பி.ஏ.பி.எக்ஸ்ல, அதாவது ஆபீஸுக்குள்ளேயே இருந்த குட்டி எக்ஸ்சேஞ்ச்ல, வச்சாலே போயிடும்னு பழகின கை, நெட்வொர்க்ல ஓடுற புது ஐ.பி. போன்லயும் வைக்குது. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவர் "அலோ, அலோ"ன்னு கத்துறார், அனுப்பினவர் அனுப்பியாச்சுன்னு நினைக்கிறார், நடுவுல ஒரு ஜீவன் தண்ணிக்கடி வயலினைக் கேட்டுட்டிருக்கு. இது ஒரு அமைப்பு, சர்வர்ல ஒரே ஒரு வரி. அது எப்படி வச்சிருக்குன்னு போன்ல எங்கேயும் எழுதியிருக்காது.

இதோட மறுபக்கம் இன்னும் மோசம். அக்கவுண்ட்ஸ் ஆள் எடுத்து, "ஐயோ, அந்த ஆளா? நான் சீட்ல இல்லைன்னு சொல்லிடுங்க"ன்னு கிசுகிசுக்கிறார். சரின்னு ரிசீவரை வச்சுட்டு வெளியாள்கிட்ட திரும்பலாம்னு பார்த்தா, இந்த சிஸ்டம் வச்சாலே அனுப்புற ரகம். சீட்ல இல்லாத மனுஷர் காதுல நேரா போய் விழுந்தார் வெளியாள். இனி அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நடக்கிற உரையாடல் நம்ம சப்ஜெக்ட் இல்ல.

சரியான வழி என்னன்னா, ரிசீவரைத் தொடாம, திரையில கேன்சல் அல்லது எண்ட் கால் அமுக்கி விசாரிச்ச காலை மட்டும் அறுக்கணும். பிறகு ரெஸ்யூம். இங்கதான் இன்னைய கால் செத்தது. எண்ட் கால் அமுக்கினதும் சில போன்கள் தானா வெளியாள்கிட்ட திரும்பிடும். சிலது அவரை ஹோல்டுலயே விட்டுட்டு சும்மா நிக்கும். அமுக்கினவருக்குத் திரை மாறின மாதிரி தெரியல. அமுங்கலையோன்னு மறுபடி ஒரு தட்டு. அதுக்குள்ள போன் வெளியாளை எடுத்துக் கையில குடுத்திருக்கு, ரெண்டாவது தட்டு அவர் கழுத்துல. க்ளக். போச்சு. அவர் இனி முதல்லேர்ந்து போன் பண்ணி, தமிழுக்கு ஒண்ணை அழுத்தி, விற்பனைக்கு ரெண்டை அழுத்தி, எக்ஸ்டென்ஷன் தெரியலைன்னா காத்திருந்து... அப்படியும் எடுக்கப் போறது அதே மேசை, அதே போன்.

ஒரு பட்டனுக்கு மூணு நிலைமையில மூணு அர்த்தம், அதுவும் விரல் இறங்கிட்டிருக்கும்போது மாறுற அர்த்தம். பழைய போன்ல ரிசீவரை எடுத்தா லைன், வச்சா இல்ல. ஒரு குழப்பம் உண்டா?

உண்டு, ஒத்துக்கிறேன். பழைய போன்ல ஃப்ளாஷ்னு ஒரு சனியன் இருந்துச்சு. ஆர்னு எழுதின பட்டன். அது லைனை ஒரு கணம் அறுத்துச் சேர்க்கும், அதைப் பார்த்து எக்ஸ்சேஞ்ச் "ஓ, ட்ரான்ஸ்ஃபர் கேட்கிறார்"னு புரிஞ்சுக்கணும். போன் 100 மில்லிசெகண்டுக்கு அறுக்குது, எக்ஸ்சேஞ்ச் 600 எதிர்பார்க்குது, அப்ப ஒண்ணுமே நடக்காது. போன் 600-க்கு அறுக்குது, எக்ஸ்சேஞ்ச் 100-க்குப் பழகினது, அப்ப வச்சுட்டாங்கன்னு நினைச்சு காலையே அறுத்துடும். ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர போன் மெனுவுல ஃப்ளாஷ் டைம்னு ஒரு அமைப்பு இருக்கும், பழைய மாடல்னா அடியில சின்ன ஸ்விட்ச். பொறுமை இல்லாம விரலால ஹூக்கைத் தட்டினா, லைன் எத்தனை தடவை அறுந்துச்சுன்னு எண்ணி நம்பர் புரிஞ்சுக்கிற பல்ஸ் டயல் பழக்கம் விடாத எக்ஸ்சேஞ்ச் அதை "1" டயல் பண்ணதா எடுத்துக்கும். அப்பவும் வெளியாளுக்கு விமோசனம் இல்ல.

இந்தக் கொடுமைக்கு மருந்தா பார்க்னு ஒரு வசதி இருக்கு. காலை 701 மாதிரி ஒரு எண்ணுல நிறுத்தி வச்சுட்டு, "701-ல உங்களுக்குக் கால்"னு சொல்லிட்டா யார் வேணா எந்த போன்லேர்ந்தும் 701 போட்டு எடுத்துக்கலாம். ரிசீவரை வைக்கலாமா கூடாதாங்கிற கேள்வியே வராது. ட்ரான்ஸ்ஃபரைவிட நூறு மடங்கு யோக்கியமான வசதி. யாரும் தொடறதில்ல. ஏன்னா அது மோருக்குள்ள ரெண்டாவது பக்கத்துல கிடக்கு, எந்த எண்ணுல நிறுத்தினேன்னு திரை சில நொடிதான் காட்டும், குறிச்சுக்கப் பேனா தேடுறதுக்குள்ள மறைஞ்சுடும். 45 நொடியோ என்னவோ வச்சிருக்கிற கெடு தாண்டினா கால் திரும்பி வந்து, நிறுத்தினவரையே கூப்பிடும்.

மத்த வசதிகளுக்கும் ஒரு கும்பிடு. டூ நாட் டிஸ்டர்ப் பட்டன் கைபட்டு ஆன் ஆகிடும், மூலையில எறும்பு சைஸ்ல ஒரு குறி வரும், அன்னைக்கு முழுக்க "ஏன்யா போனே எடுக்கிறதில்ல"ன்னு திட்டு. லீவுக்கு முன்னாடி இவர் அவருக்கு ஃபார்வர்டு, அவர் இவருக்கு ஃபார்வர்டு. சிஸ்டம் புத்திசாலியா இருந்தா சில சுத்துல அறுத்துடும், இல்லைன்னா கால் ரெண்டு காலி நாற்காலிக்கு நடுவுல சுத்திட்டே இருக்கும். வாய்ஸ்மெயில் சிவப்பு விளக்கு, எல்லாத்தையும் கேட்ட பிறகும் எரியும். அழிக்க ஒரு சிஸ்டத்துல 7, இன்னொண்ணுல 3. டைரக்டரில செல்வின்னு தேட எஸ் வேணும்னா 7-ஐ நாலு தடவை தட்டணும், அஞ்சாவது தட்டுக்கு அது 7-ஆவே ஆகிடும். வால்யூம் பட்டன் ஒண்ணுதான், ஆனா சும்மா இருக்கும்போது அமுக்கினா மணிச் சத்தம், பேசும்போது அமுக்கினா ரிசீவர் சத்தம். சேவ் அமுக்கலைன்னா சில மாடல்கள்ல அடுத்த காலுக்கு பழையபடி கிசுகிசு.

அடியில ரிசீவருக்கும் ஹெட்செட்டுக்கும் ஒரே மாதிரி ரெண்டு சாக்கெட், பக்கத்துல பக்கத்துல. மேசையைத் துடைக்கிறவர் கழட்டி மாத்திச் சொருகிட்டா ரிசீவர் ஊமை. போன் செத்துடுச்சுன்னு புகார் போகும், ஆள் வருவார், ஒயரை ஒரு சாக்கெட் தள்ளிச் சொருகிட்டு ஏளனமா சிரிச்சுட்டுப் போவார். எல்லாம் உறைஞ்சு நின்னா ஒயரைப் பிடுங்கிச் சொருகுங்கம்பாங்க. போனுக்கு நெட்வொர்க் ஒயர்லேயே கரண்ட் வருதே, அதனால. பிடுங்கினா கம்ப்யூட்டர் நெட்டும் போச்சு, ஏன்னா அது போனோட முதுகு வழியாத்தான் போகுது. பாதி எழுதின மெயிலோட.

யாராவது உருப்படியா ஒண்ணு பண்ணணும்னா, உள்ளுக்குள்ளேயே மூணு போனை வச்சு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. ஒண்ணுலேர்ந்து கூப்பிட்டு, நடு போன்ல ட்ரான்ஸ்ஃபர் போட்டு, மூணாவது எடுத்ததும் ரிசீவரை வச்சுப் பாருங்க. யார் மிஞ்சுறாங்கன்னு தெரிஞ்சுடும். அதை ஒரு சீட்டுல எழுதி போன் மேலயே ஒட்டுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி "அறுந்துட்டா நேரா 2147 போடுங்க சார்"னு வெளியாள்கிட்ட சொல்லி வைங்க. ஏன்னா அறும்.

இவ்வளவையும் எழுதி முடிச்சுப் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம்னு போனா, ஜெராக்ஸ் மெஷின்ல முன்னாடி வந்த புண்ணியவான் அளவைப் பெருசாக்கி 141 சதவீதத்துல விட்டுட்டுப் போயிருக்கார். ஏ4 சீட்டுல பாதி எழுத்து காகிதத்துக்கு வெளியே. ரீசெட்னு ஒரு மஞ்சள் பட்டன் இருக்கே, வேலை முடிஞ்சதும் அதை ஒரு தட்டு தட்டிட்டுப் போனா விரல் தேஞ்சா போயிடும்? யாருய்யா அது?