‘முழுசா குணமாகிட்டு வரட்டும்’ என்கிறவர்களுக்கு

மூன்று நாளாக வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். வேலை உறுதியான பிறகு, இருமுனைக் கோளாறுக்கு (மனநிலை உற்சாகத்தின் உச்சத்துக்கும் சோர்வின் ஆழத்துக்கும் மாறிப் போகும் நோய்) மாத்திரை எடுப்பதாகத் தானே உண்மையைச் சொன்ன பெண்ணை "முழுசா குணமாகிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிய கதை உங்களுக்குத் தெரியும். அதைவிட, "அதில் என்ன தப்பு?" என்று நம் நண்பர்களே எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முழுசா குணமாவது என்றால் என்ன? சர்க்கரை நோய் உள்ளவரிடம் இன்சுலினை நிறுத்திய பிறகு வேலைக்கு வா என்று சொல்கிறோமா? குணம் முதலில், வேலை அப்புறம் என்கிற வரிசையே தப்பு. 1990களில் அமெரிக்காவில் இந்த வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். மனநோய் உள்ளவரை வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துக் காக்க வைக்காமல், அவர் விரும்புகிற வேலையில் எல்லாரையும் போலச் சம்பளத்துக்குச் சேர்த்துவிட்டு, வேலைக்கு உதவுகிறவரும் மருத்துவக் குழுவும் கூடவே நின்றார்கள். பல நாட்டு ஆய்வுகளில், பழைய வழியைவிட இந்த வழியில்தான் அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது. மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்றவை வரும் நோய்) உள்ளவர்களையும் சேர்த்துத்தான்.

என் தம்பியைப் பற்றி இங்கே எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். மனநோய்க்கு ராத்திரி போடும் மாத்திரையின் மயக்கம் காலை ஒன்பது மணி வரை அவனை விடாது. முதல் வேலையில் எட்டு மணிக்கு வரணும் என்றார்கள். மூன்று நாள் தாமதம், அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்து மேலாளர் பத்தரைக்கு வரச் சொன்னார். வாயால் அடுக்கிச் சொன்னால் அவனுக்குக் குழம்பும் என்று, அன்றைய வேலையை ஒரு துண்டுத் தாளில் நாலு வரியாக எழுதிக் கொடுப்பார். முடிக்க முடிக்க இவன் டிக் அடிப்பான். அவ்வளவுதான் ‘சலுகை’. நாலு வருஷம் வேலை பார்த்தான். அவர் மாறிப் போனார், புதிதாக வந்தவர் "எல்லாருக்கும் ஒரே விதி" என்றார், தாள் நின்றது. இரண்டே மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"கூட வேலை செய்கிறவர்களுக்குச் சுமை" என்கிறீர்கள். ஒரு தாளும் பேனாவுமா சுமை? "நெருக்கடி வந்தால்?" வரும். கால் முறிந்தவருக்குக் கொடுப்பதுபோல விடுப்பு கொடுங்கள், திரும்பி வரும்போது இடம் இருக்கட்டும். சில வேலைகளில் கூடுதல் கவனம் வேண்டும்தான். சரி, அதை அவரிடமே உட்கார்ந்து பேசலாமே. "அடித்துவிட்டால்?" என்று கேட்டவருக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குகிறவர்கள்தான் அதிகம். என் தம்பியும் வாங்கியிருக்கிறான்.

இதைக் கருணையாகவும் கேட்கவில்லை. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வேலையை உரிமை என்கிறது. தேவையான, செய்யக்கூடிய சிறு மாற்றத்தை மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. மனநலப் பாதிப்பு உள்ளவர்களும் அதில் உண்டு.

அந்தப் பெண் அடுத்த இடத்தில் உண்மையைச் சொல்வாளா? கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை விழுங்குவாள். யாரும் உதவவும் முடியாது.

டிக் அடித்த அந்தத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு இன்னும் வைத்திருக்கிறான் தம்பி. "என்ன தப்பு?" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து அவனோடு பேசிச் சிரித்தவர்கள். நீங்கள் எழுதியதை அவன் வாசித்துவிட்டான்.