மாகாண சபைத் தேர்தலை வையுங்கள்

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 திசைகாட்டிக்கு, அதாவது தேசிய மக்கள் சக்திக்குப் போனது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் நிறையப் பேர் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். சேவலை, அதாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸை விட்டால் வேறில்லை என்று பல தேர்தல்களைக் கடந்த மலையகம் இது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியபோது கூட நின்ற தொழிற்சங்கம் என்ற நன்றி அந்த வாக்குகளில் இருந்தது. ஆனால் சந்தா வாங்கும் சங்கமும் வாக்குக் கேட்கும் கட்சியும் ஒன்றாகவே இருந்தால், வீட்டுக்கும் பாதைக்கும் எதிர்த்துக் கேட்க ஒரு தொழிலாளிக்கு எங்கே இடம்?

இப்போது ஆதிக்கம் கைமாறியிருக்கிறது. அதை மக்கள் கொடுத்தார்கள், சரி. என் கவலை நுவரெலியாவும் கண்டியும் மாத்தளையும் சேர்ந்த எங்கள் மத்திய மாகாணத்தைப் பற்றியது.

தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைக்குக் கீழ் வருபவை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லையென்றால் கேட்க வேண்டிய இடம் அதுதான். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21. அப்போதும் ஒரு கட்சிக் காற்றுதான்: இங்கே வெற்றிலைச் சின்னத்து ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு, அதே நாளில் வடக்கில் 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. அந்த 30இல் 2, முதலாவதாக வரும் கட்சிக்குக் கிடைக்கும் போனஸ் ஆசனம். ஆனாலும் எதிர்ப்பக்கம் உட்கார ஆட்கள் இருந்தார்கள், எழுந்து கேட்டால் பதில் சொல்ல ஓர் அமைச்சர் இருந்தார்.

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்கு முன்பே, 2017இல், விகிதாசாரத்தோடு தொகுதியையும் கலந்து தேர்தல் முறையை மாற்றினார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது, அதோடு எல்லாம் நின்றுபோனது. அதற்குப் பிறகு எத்தனை ஜனாதிபதிகள் வந்துவிட்டார்கள்! மாகாணத்தை நடத்துவது ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். ஆளுநர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு நாங்கள் வாக்குப் போடவில்லையே. கொழும்பில் ஆளும் கட்சியே வாக்கில்லாமல் மாகாணத் தலைநகரான கண்டியிலும் ஆள்வதுபோல்தான் இது.

2025 மே மாதம் பிரதேச சபைத் தேர்தலை நடத்த முடிந்ததே. பாராளுமன்றத்தில் 159 பேரை வைத்திருக்கும் அரசுக்கு, நின்றுபோன தேர்தலை வைக்க ஒரு சட்டத் திருத்தம் பெரிய காரியமா? திசைகாட்டியே மறுபடி ஜெயித்தாலும் பரவாயில்லை, எதிரே கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. தேர்தலை, வாங்கிய வாக்குக்கு ஏற்ப ஆசனம் கொடுக்கும் பழைய விகிதாசார முறையிலேயே வையுங்கள். தொகுதி பிரித்தால் நுவரெலியாவில் எப்படியோ சமாளிப்போம். கண்டியிலும் மாத்தளையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோட்டங்களில் வாழும் எங்கள் ஆட்களுக்கு, சபைக்கு ஒருவரை அனுப்ப விகிதாசாரத்தை விட்டால் வேறு வழியில்லை.