ஈட்டியோடு நின்றவர்கள் அல்லர்

“ஈட்டி வைத்திருந்த மாவோரிகளை வெள்ளையர்களின் பீரங்கி சில நாட்களில் முடித்துவிட்டது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1820களிலேயே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் துப்பாக்கிகள் ஏராளமாக இருந்தன. அவர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் இடையிலான நியூசிலாந்துப் போர்கள் 1845இல் தொடங்கி 1872 வரை விட்டுவிட்டு நடந்தன.

கேட் பா என்ற மாவோரிக் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1864 ஏப்ரல் 29. உள்ளே இருந்தவர்கள் சுமார் 230 பேர். வெளியே பிரிட்டிஷ் படையினர் ஏறத்தாழ 1,700 பேர். நாள் முழுக்கக் குண்டுமழை. மாவோரிகளோ மண்ணுக்குள் பதுங்குகுழி வெட்டி, மேலே மரமும் மண்ணும் மூடி, அசையாமல் கிடந்தார்கள். ‘எல்லோரும் செத்திருப்பார்கள்’ என்று நம்பி மாலையில் சிப்பாய்கள் உள்ளே பாய்ந்தபோது, கால்மட்டத்திலிருந்து சுட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றிரவே மாவோரிகள் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். இதுவா ஈட்டிப் படை?

இரண்டு மாதங்களுக்குள் தே ரங்கா என்ற இடத்தில், குழி வெட்டி முடிப்பதற்குள் தாக்கப்பட்டுத் தோற்றார்கள், உண்மைதான். சில மாவோரி இனக்குழுக்கள் பிரிட்டிஷார் பக்கம் நின்றதும் உண்மை. ஆனால் பெரிய இழப்பு சட்டத்தால் வந்தது: கிளர்ந்தெழுந்த மாவோரிகளின் நிலத்தைப் பறிக்க இடமளித்த 1863ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தைக் காட்டி, வைக்காட்டோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பறித்தார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 1995இல்தான்.